ஆக்சிஜன் இல்லாத சேற்றில் மீத்தேன் எப்படித் தீர்கிறது?

3 மார்ச் 2024, இரவு 9.15 – வாசகர் கேள்வி

அண்ணே, போன வாரம் கன்ஃபைன்ட் ஸ்பேஸ், அதாவது அடைத்த இடத்தில் வேலை செய்வதற்கான கோர்ஸ் முடித்தேன். தீ முக்கோணம் சொல்லித் தந்தார்கள். எரிபொருள், வெப்பம், ஆக்சிஜன், இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் எரியாது என்றார்கள். ஆனால் கடலுக்கு அடியில், ஆக்சிஜன் துளிகூட இல்லாத சேற்றில், மீத்தேனைத் தின்று தீர்க்கும் கிருமிகள் இருப்பதாகப் படித்தேன். ஆக்சிஜன் இல்லாமல் மீத்தேன் எப்படித் தீரும்? இது உண்மையா, கட்டுக்கதையா?

3 மார்ச், இரவு 11.05

உண்மைதான் தம்பி. இதே கேள்வி என்னையும் இரண்டு வருடமாகக் குடைந்துகொண்டிருக்கிறது.

சிங்கப்பூரில் துவாஸ் பக்கத்துக் கப்பல் யார்டுகளில் பதினான்கு வருடமாகக் கேஸ் மீட்டர் பிடிக்கிறேன். டேங்குக்குள் ஆள் இறங்கும் முன் மேலே, நடுவில், அடியில் என்று மூன்று மட்டத்திலும் காற்றை இழுத்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. ஒருநாள் தூர்வாரிய கடல் சேறு ஏற்றிவந்த பார்ஜ் ஒன்று வந்தது. சேற்றை இறக்கிவிட்டார்கள், மூலைகளில் மட்டும் முழங்கால் உயரத்துக்கு ஒட்டிக் கிடந்தது. ஹேட்ச் வழியாக ட்யூபை அடிவரை இறக்கினேன். ஆக்சிஜன் 20.6 விழுக்காடு. எரிவாயு 0. கார்பன் மோனாக்சைடு 0. ஹைட்ரஜன் சல்ஃபைடு மட்டும் 4, 7, 9 என்று ஏறி 12 பிபிஎம்மில் (பத்து லட்சத்தில் 12 பங்கு) நின்றது. 10 தாண்டியதுமே அலாரம் கத்த ஆரம்பித்துவிட்டது. அன்று யாரையும் உள்ளே விடவில்லை.

மீத்தேன் சுழியம், கூழ்முட்டை வாயு மட்டும் ஏறுகிறது. ஏன் என்று அன்றைக்குத் தெரியவில்லை. பிறகு படிக்கும்போதுதான் பொறி தட்டியது. கடலடியில் மீத்தேனைத் தின்கிற நுண்ணுயிர்க் கூட்டம் வெளியே தள்ளுவதும் இதே ஹைட்ரஜன் சல்ஃபைடைத்தான். ஒரு மீத்தேனும் ஒரு சல்பேட்டும் உள்ளே போகும், ஒரு பைகார்பனேட், ஒரு சல்ஃபைடு, ஒரு தண்ணீர் வெளியே வரும். நான் மீட்டரில் பார்த்தது அவை சாப்பிட்டு முடித்த எச்சம்தான்.

4 மார்ச், காலை 6.20

கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்று முக்கியமானதை விட்டுவிட்டேன்.

தீ முக்கோணத்தில் ஆக்சிஜன் என்ன வேலை செய்கிறது? எரிபொருள் விட்டுக்கொடுக்கும் எலக்ட்ரானை வாங்கிக்கொள்கிறது. அவ்வளவுதான். வாங்கிக்கொள்ள வேறு ஏதாவது இருந்தால் ஆக்சிஜன் இல்லாமலும் காரியம் நடக்கும். சுடர் வராது, சூடு தெரியாது, ஆனால் மீத்தேன் பைகார்பனேட்டாக மாறித் தீர்ந்துவிடும். கடலில் அந்த வேறு ஏதோ ஒன்றுதான் சல்பேட். ஒரு லிட்டர் கடல்நீரில் சல்பேட் ஏறக்குறைய 2.7 கிராம் இருக்கிறது. கரைந்திருக்கும் ஆக்சிஜனோ சில மில்லிகிராம்தான். சேற்றுக்குள் அந்தக் கொஞ்ச ஆக்சிஜனும் மேல் சில மில்லிமீட்டரிலேயே தீர்ந்துபோகும். சல்பேட் அதற்குக் கீழேயும் வெகு ஆழம்வரை போகும்.

ஒன்று, கோர்ஸில் படித்ததை மறந்துவிடாதீர்கள். டேங்குக்குள் தீ முக்கோணம்தான் சட்டம். நான் சொல்வது சேற்றுக்குள் மாதக்கணக்கில் நடக்கிற சங்கதி.

6 மார்ச், இரவு 10.30

இதை முதலில் கண்டுபிடித்தவர்கள் உயிரியல்காரர்கள் அல்ல, வேதியியல்காரர்கள். 1970-களில் கடலடிச் சேற்றை நீளக் குழாய்களில் எடுத்து, துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு மட்டத்திலும் என்ன இருக்கிறது என்று அளந்தார்கள். வில்லியம் ரீபர்க் 1976-இல் வெனிசுவேலாவுக்கு வெளியே காரியாக்கோ பள்ளத்துச் சேற்றை வைத்து எழுதியது அதில் பேர்போனது. சல்பேட் மேலிருந்து கீழே குறைந்துகொண்டே வருகிறது. மீத்தேன் அடியிலிருந்து மேலே வரவரக் குறைகிறது. இரண்டும் ஒரே மட்டத்தில் சந்தித்து ஒன்றாகக் காணாமல் போகின்றன. ஆக்சிஜன் இருக்கும் இடத்துக்கு மீத்தேன் வந்துசேர்வதே இல்லை.

காகிதத்தில் அந்த இரண்டு கோடுகளை வரைந்து பாருங்கள். கத்தரிக்கோல் மாதிரி வரும். நான் மீட்டர் ரீடிங் எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைந்து வைத்திருக்கிறேன்.

ஆனாலும் நுண்ணுயிரியல்காரர்கள் இருபது வருடத்துக்கு மேல் நம்பத் தயங்கினார்கள். காரணம் நியாயமானது. இதைச் செய்கிற உயிரை ஒருவராலும் ஆய்வகத்தில் தனியாக வளர்த்துக் காட்ட முடியவில்லை. அதோடு இந்த வேலையில் கிடைக்கும் ஆற்றல் அவ்வளவு சொற்பம். மீத்தேனை ஆக்சிஜனோடு எரித்தால் கிடைப்பதில் ஐம்பதில் ஒரு பங்குதான். இதை வைத்து எந்த உயிர் பிழைக்கும் என்று கேட்டார்கள்.

9 மார்ச், மாலை 5.10

சனிக்கிழமை அரை நாள். தேக்காவில் ஒரு டீயோடு உட்கார்ந்து அடுத்ததை எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

1999-இல் கையும் களவுமாகப் பிடிக்கிற மாதிரி ஒரு சான்று கிடைத்தது. ஹின்ரிக்ஸும் அவரோடு இருந்தவர்களும் கலிபோர்னியாவுக்கு வெளியே ஈல் நதிப் படுகையின் சேற்றில் ஆர்க்கியா என்கிற தனிவகை நுண்ணுயிர்களின் கொழுப்பைப் பிரித்தெடுத்தார்கள். கார்பனில் கனமானது ஒன்று, இலேசானது ஒன்று உண்டு. நுண்ணுயிர்கள் செய்த மீத்தேனில் இலேசான கார்பன் அதிகம் இருக்கும். இந்தக் கொழுப்பில் அந்த மீத்தேனையும்விட இலேசான கார்பன் இருந்தது. வேறு எதைத் தின்றிருந்தாலும் உடம்பு அப்படி ஆகாது. கருவாடு சாப்பிட்ட கையை முகர்ந்தால் தெரிகிற மாதிரிதான் இதுவும்.

அடுத்த வருடமே, 2000-இல், ஆன்ட்யே போயடியஸ் குழு அந்த உயிரைக் கண்ணால் காட்டியது. இடம் ஆரிகன் கரைக்கு வெளியே ஹைட்ரேட் ரிட்ஜ். மரபுப் பொருளில் போய் ஒட்டிக்கொள்ளும் ஒளிரும் சாயங்களைப் போட்டுப் பார்த்தபோது சின்னச் சின்ன உருண்டைகள் தெரிந்தன. நடுவில் ஏறக்குறைய நூறு ஆர்க்கியா செல்கள் ஒரு நிறத்தில். அவற்றைச் சுற்றி ஓடுபோல் வேறு நிறத்தில் பாக்டீரியாக்கள், சல்பேட்டைப் பயன்படுத்தும் வகை. மொத்த உருண்டையும் ஒரு மில்லிமீட்டரில் சில நூறில் ஒரு பங்கு.

அந்தப் படத்தை நீங்களே தேடிப் பாருங்கள். பூந்தி மாதிரி, சிவப்புக்குப் பச்சை ஓடு. தனியாக வளர்க்க முடியாமல் போனதற்குக் காரணம் அந்தப் படத்திலேயே இருக்கிறது. உள்ளே இருப்பது மீத்தேனைத் தின்கிறது, ஆனால் அதற்கு மூச்சு கிடையாது. வெளியே இருப்பது சல்பேட்டை மூச்சாக விடுகிறது, ஆனால் அதற்குச் சோறு கிடையாது. தின்பது ஒரு உடம்பு, மூச்சுவிடுவது இன்னொரு உடம்பு. ஏற்கெனவே ஐம்பதில் ஒரு பங்கு என்றேனே, அதையும் இரண்டு பேரும் பிரித்துக்கொள்கிறார்கள்.

2001-இல் விக்டோரியா ஆர்ஃபன் குழு அதே மாதிரி உருண்டை ஒன்றை அயனிக் கற்றையால் அடுக்கடுக்காகச் சுரண்டி அளந்தது. உள்ளே இருக்கும் செல்களே இலேசான கார்பனால் ஆனவை என்று நேரடியாகத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு சந்தேகப்பட இடமே இல்லாமல் போனது.

10 மார்ச், காலை

ஒரு வார்த்தைத் திருத்தம். 'கிருமி' வேண்டாம், 'நுண்ணுயிர்' என்போம் என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். சரிதான். கிருமி என்றால் நோய் நினைவு வருகிறது. உள்ளே இருக்கும் ஆர்க்கியா பாக்டீரியாவே அல்ல, உயிர்களில் தனிக் கிளை. ஆராய்ச்சியாளர்கள் சுருக்கமாக அன்மி என்கிறார்கள். அன்மி 1, 2, 3 என்று பெரிய வகைகள் மூன்று.

ஐம்பதில் ஒரு பங்கு என்பதும் பாடப்புத்தக நிலைமைக்கான கணக்கு. நிஜச் சேற்றில் இதைவிடக் கூடும், இருபதில் ஒரு பங்கு பக்கம்கூடப் போகும். அப்படியும் சொற்பம்தான்.

15 மார்ச், இரவு 12.40

தூக்கம் வரவில்லை. முதல் நாள் சொன்ன பார்ஜ் கதையில் ஓட்டை இருக்கிறது.

எங்கள் மீட்டரில் எரிவாயுவைப் பார்ப்பது வினையூக்கி மணி பதித்த சென்சார். குண்டூசித் தலை அளவு மணி ஒன்று உள்ளே சூடாக இருக்கும். வரும் வாயுவை அது எரித்துப் பார்க்கும், எரிந்த சூட்டை வைத்து எண் காட்டும். எரிக்க ஆக்சிஜன் வேண்டும். காற்றில் ஆக்சிஜன் பத்து விழுக்காடு அளவுக்கு இறங்கிவிட்டால், மீத்தேன் நிறைய இருந்தாலும் அந்த எண்ணை நம்ப முடியாது, சுழியம்கூடக் காட்டலாம். நைட்ரஜன் போட்ட டேங்குகளில் இதை மறந்தால் ஆள் உயிர் போகும். எங்கள் வேலையில் ஆக்சிஜன் எண்ணை முதலில் பார்க்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அன்று ஆக்சிஜன் 20.6 இருந்தது, அதனால் அந்தக் கவலை இல்லை. ஆனால் வேறு இரண்டு இருக்கிறது. ஒன்று, ஹைட்ரஜன் சல்ஃபைடு பட்டால் அந்த மணியின் திறனே மங்கும். இரண்டு, மீத்தேன் காற்றைவிட இலேசு, ஹைட்ரஜன் சல்ஃபைடு கனம். நான் ட்யூபை நேராக அடிக்கு இறக்கினேன் என்று எழுதியிருக்கிறேன். மேல் மட்டத்து எண்ணை எழுதவே இல்லை. நோட்டை எடுத்துப் பார்த்தேன். அடியில் அலாரம் அடித்ததும் ட்யூபைச் சுருட்டிவிட்டேன். மேல் மட்டத்துக் கட்டம் காலி.

17 மார்ச், ஞாயிறு, பிற்பகல்

இது பெரிய திருத்தம். 3-ஆம் தேதிக் குறிப்பைப் படித்தவர்கள் இதையும் படித்துவிடுங்கள்.

சேற்றில் கூழ்முட்டை வாடை வந்தால் அங்கே மீத்தேன் தின்னப்பட்டது என்று அர்த்தமில்லை. நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். கரையோரச் சேற்றில் வரும் சல்ஃபைடில் பெரும்பங்கு, சல்பேட் பாக்டீரியாக்கள் செத்த பாசியையும் இலையையும் மக்கவைப்பதால் வருவது. அங்கே மீத்தேனுக்கு வேலையே இல்லை. மேல் சேற்றில் மீத்தேன் உண்டாவதே குறைவு, ஏனென்றால் மீத்தேன் செய்யும் நுண்ணுயிர்களுக்கும் சல்பேட் பாக்டீரியாக்களுக்கும் ஒரே சாப்பாடு, ஹைட்ரஜனும் அசிட்டேட்டும். சல்பேட் இருக்கும்வரை அந்தப் பந்தியில் முந்துவது சல்பேட் பாக்டீரியாதான்.

கீழே சல்பேட் தீர்ந்த மட்டத்துக்குப் போனால்தான் மீத்தேன் செய்பவர்களுக்கு முறை வரும். அங்கே உண்டாகும் மீத்தேன் மேலே ஏறும். ஏறி, சல்பேட் தொடங்கும் எல்லைக்கு வரும்போது நம் உருண்டைகள் காத்திருந்து பிடித்துக்கொள்கின்றன. கத்தரிக்கோல் படத்தில் இரண்டு கோடும் சந்திக்கும் புள்ளி அதுதான். கரையோரத்தில் அது சில பத்து சென்டிமீட்டரிலிருந்து சில மீட்டர் ஆழத்தில் இருக்கும். பார்ஜில் ஒட்டியிருந்தது மேல் சேறாக இருந்திருந்தால், அங்கே மீத்தேன் தின்னப்படவில்லை, அது உண்டாகவே இல்லை.

எங்கள் ஊர்ப் பக்கம் சிவகங்கையில் கண்மாய்ச் சேற்றைக் கம்பால் குத்தினால் குமிழி குமிழியாக வரும். சின்ன வயதில் அதுதான் விளையாட்டு. இத்தாலிய விஞ்ஞானி வோல்டா 1776-இல் மஜோரே ஏரியில் இப்படிக் கிளறித்தான் மீத்தேனைப் பிடித்தார். கண்மாய் நல்ல தண்ணீர், சல்பேட் மிகக் குறைவு, அதனால் மேல் சேற்றிலேயே மீத்தேன். கடல் சேற்றில் அதே கம்பால் குத்தினால் வாடைதான் முதலில் வரும். இந்த வித்தியாசத்தை நாற்பது வருடம் கழித்து இப்போதுதான் புரிந்துகொண்டேன்.

17 மார்ச், இரவு

சின்னச் சேர்க்கை. கடலடிச் சேற்றில் உண்டாகும் மீத்தேனில் 90 விழுக்காடுவரை இப்படித் தண்ணீருக்கு வருமுன்னே தீர்ந்துவிடுவதாகக் கணிப்பு. நூறு வருடக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். இருபது வருடக் கணக்கில் 80 மடங்கு பக்கம். அந்த உருண்டைகள் இல்லாவிட்டால் வானம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

29 மார்ச், புனித வெள்ளி

மகளைக் கூட்டிக்கொண்டு சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குப் போனேன். அலை வற்றியிருந்தது. பலகைப் பாதையிலிருந்து பார்த்தால் சேற்றில் தாவும் மீன்கள், அலையாத்தி மரங்களின் பென்சில் பென்சிலாக நீட்டிய மூச்சுவேர்கள். நண்டு வளை ஒன்றைச் சுற்றி அதுவே தள்ளிய சேறு, வெளியே பழுப்பு, உடைந்த இடத்தில் மை மாதிரிக் கறுப்பு. மகள் ஏன் என்று கேட்டாள். அந்தக் கறுப்பு இரும்பும் சல்ஃபைடும் சேர்ந்தது. காற்றுப் பட்டால் மறுபடி பழுப்பாகும். பார்ஜ் வேலை முடிந்த அன்று என் பூட்ஸில் ஒட்டியிருந்த கறுப்புச் சேறும் மறுநாள் காலை பழுப்பாகத்தான் இருந்தது. அன்று அது சும்மா காய்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

வாடை வந்தது, இலேசாக. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். திறந்த வெளியில் பரவாயில்லை. ஆனால் அடைத்த இடத்தில் வேலை செய்கிறவர்கள் இதைக் கேளுங்கள், மூக்கை நம்பாதீர்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு 100 பிபிஎம் அளவுக்கு ஏறினால் மூக்கு மரத்துப்போகும், வாடை போய்விட்டது என்று தோன்றும். வாயு போயிருக்காது.

17-ஆம் தேதி சொன்னதற்கு ஒரு விலக்கும் உண்டு. அலையாத்திச் சேற்றில் மெத்தில் அமீன் மாதிரிப் பொருள்களும் உண்டாகும். அவற்றுக்குச் சல்பேட் பாக்டீரியா அவ்வளவாகப் போட்டிக்கு வராது, அதனால் சல்பேட் இருக்கும்போதே அங்கே கொஞ்சம் மீத்தேன் உண்டாகும். பந்தியில் தனி இலை போட்டுக் கொடுத்த மாதிரி.

31 மார்ச், இரவு 9.50

முதலில் கேட்ட தம்பி மறுபடி கேட்டிருக்கிறார்: "இவற்றை வளர்த்து, மீத்தேன் கசிகிற இடத்தில் கொட்டினால் நிற்காதா அண்ணே?"

வளர்ப்பதுதான் கஷ்டம். நம் குடலில் இருக்கும் ஈ.கோலை நல்ல தீனி கிடைத்தால் இருபது நிமிடத்தில் இரண்டாகும். இவை இரண்டாக மாதக்கணக்கு ஆகும், ஒரு ஆய்வக வளர்ப்பில் ஏழு மாதம் ஆனது. கிடைக்கிற ஆற்றல் அவ்வளவுதான், அவசரப்பட முடியாது. மெதுவாகக் கசிந்தால் பிடித்துவிடும். குமிழியாகச் சீறி வந்தால் பக்கத்தில் போகுமுன் மீத்தேன் மேலே போய்விடும்.

இன்னொருவர் எரியும் பனிக்கட்டி பற்றிக் கேட்டார். ஆமாம், மீத்தேன் ஹைட்ரேட். குளிரும் அழுத்தமும் சேர்ந்தால் தண்ணீர்க் கூண்டுக்குள் மீத்தேன் அடைபடும். ஒரு கன மீட்டர் ஹைட்ரேட் உருகினால் 160 கன மீட்டருக்கு மேல் வாயு வரும். நம் பக்கத்தில் கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் 2006-இல் துளைபோட்டபோது கனமான அடுக்கே கிடைத்தது. ரிக் வேலைக்காரர்களுக்கு இது தொல்லை, குழாய்க்குள் கட்டியாகி அடைத்துக்கொள்ளும். அதற்காகத்தான் மெத்தனாலோ கிளைக்காலோ செலுத்துகிறோம். 2010-இல் மெக்சிகோ வளைகுடா எண்ணெய்க் கசிவில் இறக்கிய முதல் மூடியை அடைத்ததும் இந்தக் கட்டிதான்.

6 ஏப்ரல்

உருண்டைக்குள் இருவரும் எதைக் கைமாற்றுகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். முதலில் ஹைட்ரஜன் என்று நினைத்தார்கள். கணக்குச் சரிவரவில்லை. 2015-இல் இரண்டு ஆய்வுகள் ஒன்றாக வந்தன. எலக்ட்ரான் நேரடியாகவே போகிறது என்றன. மெக்சிகோ பக்கத்துக் கடலடிக் குவாய்மாஸ் படுகையிலிருந்து எடுத்து 60 டிகிரிச் சூட்டில் வளர்த்த கூட்டத்தில், செல்களுக்கு இடையே மெல்லிய இழைகள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தெரிந்தன. இரும்பு பதித்த புரதங்கள் கம்பி மாதிரி வேலை செய்கின்றன. உள்ளே இருப்பதற்கு மூச்சு கிடையாது என்றேனே, அது இப்போது இன்னும் தெளிவாகிறது. பக்கத்து வீட்டுக்கு வயர் இழுத்திருக்கிறது.

மீத்தேனை உடைக்கும் நொதியும் புதிதல்ல. மீத்தேன் செய்யும் நுண்ணுயிர்களிடம் இருக்கும் அதே நிக்கல் நொதி. அதைப் பின்னோக்கி ஓட்டுகின்றன. பின்னோக்கி ஓடும் என்பதை 2010-இல் ஆய்வகத்தில் காட்டினார்கள்.

அப்புறம் அந்தப் பைகார்பனேட், கால்சியத்தோடு சேர்ந்து சுண்ணாம்புக் கல்லாகிறது. கருங்கடலில் 4 மீட்டர் உயரம்வரை கோபுரங்களே நிற்கின்றன, மேலே இந்த நுண்ணுயிர்களின் தடித்த தோலோடு.

20 ஏப்ரல், இரவு 8.30

நேற்று மறுபடி ஒரு சேற்றுப் பார்ஜ் வந்தது. அகச்சிவப்புச் சென்சார் உள்ள மீட்டரைக் கேட்டு வாங்கினேன். அது வாயுவை எரிப்பதில்லை, ஒளியை வைத்துப் பார்க்கும். ஆக்சிஜனும் வேண்டாம், சல்ஃபைடும் அதை ஒன்றும் செய்யாது. இந்த முறை மேலிருந்து தொடங்கி, ஒவ்வொரு மட்டத்திலும் ட்யூபின் நீளத்துக்கு ஏற்ப நேரம் கொடுத்து எழுதினேன்.

மேல்: எரிவாயு 0, ஹைட்ரஜன் சல்ஃபைடு 0.
நடு: 0, 2.
அடி: 0, 6.
ஆக்சிஜன் மூன்றிலும் 20.7க்கு மேல்.

ஃபேன் போட்டு ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தேன், எல்லாம் 0. ஆள் இறங்கினார்கள். மேல் மட்டத்துக் கட்டம் இந்த முறை காலியாக இல்லை.